கிள்ளானிலிருந்து கிருஷ்ணகிரிக்கு மருமகளாக வந்தவள்: காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் திரும்ப எங்கெல்லாம் போகலாம்?

கிள்ளான் மருமகள்:

எல்லாருக்கும் வணக்கம். நான் மலேசியாவில் கிள்ளானில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகிக் கிருஷ்ணகிரிக்கு வந்து மூன்று வருடம் முடியப் போகிறது. வீட்டுக்காரருக்கு ஓசூரில் வேலை. காலையில் கம்பெனி பஸ் ஏறினால் இரவுதான் வருவார், ஞாயிறு மட்டும்தான் லீவு. பகலில் வீட்டில் நான், அத்தை, ஒன்றரை வயது மகள்.

இந்த மூன்று வருடத்தில் நான் பார்த்த இந்தியா என்றால் பெங்களூர் விமான நிலையம், ரவுண்டானா, எங்கள் தெரு, சொந்தக்காரர்களின் கல்யாண மண்டபங்கள், குழந்தைக்கு ஊசி போடுகிற ஆஸ்பத்திரி, அவ்வளவுதான். சன்னலைத் திறந்தால் கோட்டை மலை தெரிகிறது. அதில்கூட ஏறியதில்லை.

தமிழ் ஊருக்குத்தானே வந்திருக்கிறாய், என்ன கஷ்டம் என்று கேட்கிறார்கள். தமிழ்தான், ஆனால் வேறு தமிழ். வந்த புதிதில் அத்தையிடம் "பசியாறிட்டீங்களா" என்று கேட்டேன், அவர் ஒரு நிமிடம் அப்படியே நின்றுவிட்டார். எங்கள் ஊரில் காலையில் எல்லாரும் கேட்கிற வார்த்தை அது. காரைக் காடி என்று சொல்வோம், இங்கே காடி என்றால் புளித்த கஞ்சித் தண்ணீராம். பக்கத்து வீட்டு அக்கா வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிறார், பால்காரர் கன்னடம், தையல் கடை அண்ணன் உருது. எனக்கு எல்லாரையும் பிடித்திருக்கிறது, ஆனால் இவர்கள் ஊர் என்ன, எதைக் கொண்டாடுகிறார்கள், எங்கே கூடுகிறார்கள் என்று ஒன்றும் தெரியவில்லை. என் மகள் இந்த ஊர்க்காரி. நாளைக்கு அவள் எதையாவது காட்டி "இது என்னம்மா" என்று கேட்டால் எனக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும் என்று இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் அப்பா இந்தப் பக்கம் எங்கிருந்தோதான் மலாயாவுக்கு வந்தார். ரஜூலா கப்பல், சேலம் ஜில்லா, இந்த இரண்டு வார்த்தையைத் தவிர எங்களுக்கு வேறு ஒன்றும் தெரியாது. காப்பார் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டினார், அதாவது ரப்பர் மரத்தில் பால் எடுக்கிற வேலை. தோட்டத்தில் மற்றவர்கள் முனியாண்டி, மதுரை வீரன் என்று கும்பிட, தாத்தா மட்டும் மரத்தடியில் ஒரு கல்லை நட்டு வேடியப்பன் என்று கும்பிட்டாராம். அந்தத் தோட்டம் இப்போது குடியிருப்பாகிவிட்டது, கல்லும் போய்விட்டது. சேலம் இங்கிருந்து ஒரே நாளில் போய்வரக்கூடிய தூரம்தானே, அங்கே போனால் ஏதாவது தெரியுமா?

வசதி இதுதான்: கிழமை நாளில் பஸ், ஞாயிறு என்றால் கார். குழந்தை கூட வருவாள், இரவு தங்க முடியாது. சுற்றுலா இடம் மட்டும் வேண்டாம், சந்தை, திருவிழா, ஊர் வழக்கம் இவைதான் வேண்டும். வெளியாள் போய் நின்றால் தப்பாக நினைப்பார்களா, அதையும் சொல்லுங்கள்.

பாரூர் ஏரிக்கரை:

வாங்க சகோதரி. மூன்று வருடம் ஆகியும் தெரியவில்லை என்று வருத்தப்பட வேண்டாம், கிருஷ்ணகிரியிலேயே பிறந்து ரவுண்டானாவைத் தாண்டாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

என்னைக் கேட்டால் சந்தையில் ஆரம்பிக்கணும். ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளி சந்தை. காலை ஏழு மணிக்கே வந்துவிடுங்கள், ஒன்பதுக்கு மேல் வந்தால் ஆடு, கோழி வியாபாரம் பாதி முடிந்திருக்கும். அங்கே விற்காத பொருள் இல்லை. கீரை விதை, புளி, கருவாடு, துடைப்பம், மண்வெட்டிக் காம்பு, மாட்டுக்கு மூக்கணாங்கயிறு, கழுத்துச் சலங்கை, கல்யாணத்துக்குப் பாத்திரம், நாட்டுக்கோழிக் குஞ்சு எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். ஆட்டுக்கு விலை பேசுவதை ஓரமாக நின்று பாருங்கள். தரகர் கைமேல் துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடித்துத்தான் விலை சொல்வார், பக்கத்தில் நிற்கிறவருக்குக்கூடத் தெரியாது. என் அப்பா பத்து வயதில் என் விரலைப் பிடித்துத்தான் சொல்லிக் கொடுத்தார், இன்னமும் எனக்கு அந்தக் கணக்கு மறக்கவில்லை. வெள்ளிக்கிழமை என்றால் வேப்பனப்பள்ளி போகும் வழியில் குந்தாரப்பள்ளி சந்தை. அங்கே தெலுங்கும் கன்னடமும் தமிழும் ஒரே வாக்கியத்தில் வரும். உங்கள் பக்கத்து வீட்டு அக்காவைக் கூட்டிக்கொண்டு போங்க, விலை தானாகக் குறையும்.

பஸ்ஸைப் பற்றி: டவுன் பஸ்ஸில் 2021லிருந்து பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்று உங்களுக்கே தெரியும். அதற்கு யாரும் எந்த நாடு என்று கேட்பதில்லை, ஏறி உட்கார்ந்தால் டிக்கெட் கொடுத்துவிடுவார்கள். எந்தக் கூட்ரோட்டில் இறங்கணும் என்று கண்டக்டரிடம் ஒரு முறை சொல்லிவிட்டால் போதும், கண்டக்டர் மறந்தாலும் பஸ்ஸில் இருக்கும் பாட்டிகள் மறக்க மாட்டார்கள்.

அப்புறம், நம்ம மாவட்டம் என்றால் கூத்து. பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களில் தர்மராஜா கோயில், திரௌபதி அம்மன் கோயில் இருக்கிற ஊர்களில் பாரதம் வைப்பார்கள். பல ஊரில் பதினெட்டு நாள் நடக்கும், மதியத்தில் பாரதக் கதை, இரவு பூராவும் தெருக்கூத்து. கைக்குழந்தையோடு இரவெல்லாம் உட்கார முடியாது, சரி. கடைசி நாள் படுகளத்துக்கு வந்துவிடுங்கள், அது பகலில் நடக்கும். மைதானத்தில் துரியோதனனை மண்ணால் படுத்த வாக்கில் செய்திருப்பார்கள், வீட்டு நீளத்துக்கு இருக்கும். பீமன் வேஷக்காரர் சுற்றிச் சுற்றி வந்து தொடையில் அடிப்பார், திரௌபதி அதுவரை விரித்த கூந்தலை அன்றைக்குத்தான் முடிவாள். எத்தனை தடவை பார்த்தாலும் அந்தக் கூந்தல் முடிகிற நேரத்தில் எனக்குத் தொண்டை அடைக்கும். சாயங்காலம் தீமிதி. தேதியைச் சுவர் போஸ்டர்தான் சொல்லும், டீக்கடையில் கேட்டாலும் சொல்வார்கள். வெளியாள் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். பாய் கொண்டு போனால் நல்லது, கொண்டு போகாவிட்டாலும் யாராவது இடம் விடுவார்கள்.

எருது விடும் விழா பொங்கல் முடிந்ததும் ஆரம்பிக்கும், ஊர் ஊராக மாதக் கணக்கில் நடக்கும். கொம்பில் கலர் கலராகத் தட்டி கட்டி விடுகிற எருதைப் பார்க்க ரொம்ப அழகாக இருக்கும். ஆனால் குழந்தையோடு தெருவில் நிற்கவே கூடாது. தெரிந்தவர் வீட்டு மாடி இருந்தால் மட்டும் போங்கள், இல்லையென்றால் வேண்டாம். இதில் நான் கண்டிப்பாகச் சொல்கிறேன்.

தகடூர் டீச்சர்:

கண்ணு, உன் எழுத்தைப் படித்துவிட்டு உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். நான் தருமபுரியில் முப்பத்து நான்கு வருடம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள்.

முதலில் உன் தாத்தா விஷயம். சேலம் ஜில்லா என்றதும் சேலம் பக்கம் போய்த் தேடலாம் என்று எழுதியிருக்கிறாய். தருமபுரி மாவட்டமே 1965 அக்டோபர் 2ஆம் தேதிதான் சேலத்திலிருந்து பிரிந்தது. கிருஷ்ணகிரி அதற்கப்புறம் 2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்தது. உன் தாத்தா கப்பல் ஏறின காலத்தில் கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, அரூர், பென்னாகரம் எல்லாமே சேலம் ஜில்லாதான். நீ இப்போது குடியிருக்கிற தெருவும் அதில்தான் இருந்திருக்கிறது.

அடுத்தது வேடியப்பன். அதை நீ போகிற போக்கில் எழுதிவிட்டாய், எனக்கு அங்கேயே கண் நின்றுவிட்டது. வேடியப்பன் எங்கள் பக்கத்துச் சாமி. தருமபுரி, கிருஷ்ணகிரி, அந்தண்டை செங்கம், திருவண்ணாமலை வரைக்கும் வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் மரத்தடியிலும் நிற்கிற பழைய நடுகல்லை வேடியப்பன் என்றுதான் கும்பிடுகிறார்கள். ஆநிரையைக் கவர வந்தவர்களோடு சண்டை போட்டோ, ஊருக்காகவோ, புலியோடு மோதியோ செத்தவனுக்கு நட்ட கல். ஆயிரம் வருடத்துக்கு மேற்பட்ட கல்வெட்டோடு நிற்பவையும் உண்டு. கல்லில் இருப்பவனின் பேர் ஊருக்கு மறந்துபோய்விட்டது, ஆனாலும் பொங்கல் வைத்துக் கோழி அறுப்பது நிற்கவில்லை. உன் தாத்தாவுக்கு மலாயாவில் நடுகல் எங்கே கிடைக்கும்? அதனால் வெறும் கல்லை நட்டிருக்கிறார். அவர் எந்தக் கிராமம் என்று என்னால் சொல்ல முடியாது, ஆனால் நீ தேட வேண்டியது இந்தப் பக்கம்தான். முதலில் தருமபுரி அகழ்வைப்பகம் (தோண்டியெடுத்த பழம்பொருட்களை வைத்திருக்கிற இடம்), கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகம் இரண்டிலும் நடுகற்களைப் பார். வெள்ளிக்கிழமை போகாதே, அருங்காட்சியகம் மூடியிருக்கும். அப்புறம் என்னைக் கூப்பிடு, கும்பிடுகிற கல்லையே காட்டுகிறேன்.

தருமபுரிக்கு வருகிற அன்றே அதியமான்கோட்டையையும் பார்த்துவிடு. நீ தமிழ்ப்பள்ளியில் படித்திருந்தால் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமான் நெடுமான் அஞ்சி தெரியாமல் இருக்காது. அவன் ஊர் தகடூர், அதுதான் இன்றைய தருமபுரி, உன் வீட்டிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர். அந்த நெல்லிக்கனிக்கு ஔவை வாழ்த்திப் பாடியது புறநானூற்றில் 91ஆம் பாட்டு. அதியமான்கோட்டையில் காலபைரவர் கோயில் இருக்கிறது, தேய்பிறை அஷ்டமி அன்று சாம்பல் பூசணிக்காயை வெட்டி அதில் விளக்கேற்றுவார்கள். அன்று கூட்டம் தாங்காது, குழந்தையோடு வருவதென்றால் வேறு நாளில் வா.

உனக்கென்று ஒன்று வைத்திருக்கிறேன். கிள்ளான்காரி என்றால் பத்துமலை முருகன் கோயிலின் 272 படியும் ஏறியிருப்பாய், தைப்பூசம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தருமபுரி குமாரசாமிப்பேட்டை சிவசுப்பிரமணிய சுவாமி கோயில் தைப்பூச விழாவில் பெண்களே வடம் பிடித்து இழுக்கிற தேர் உண்டு. நான் கல்யாணமான வருடத்திலிருந்து இழுக்கிறேன். உள்ளங்கை இரண்டு நாளைக்கு எரியும்.

ஒகேனக்கல் போகச் சொல்லி எல்லாரும் சொல்வார்கள். போ, ஆனால் ஒரு விஷயம் தெரிந்துகொண்டு போ. நம்ம இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடித் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்குப் பல் பழுப்பேறி இருக்கும், சில பெரியவர்களுக்கு முதுகும் முழங்காலும் வளைந்துவிடும். ஒகேனக்கல்லில் காவிரியை எடுத்துச் சுத்தம் செய்து இரண்டு மாவட்டத்துக்கும் குழாயில் கொண்டுவந்தார்கள், 2013இல் திட்டம் பயன்பாட்டுக்கு வந்தது. அந்தத் தண்ணீர் உங்கள் தெருவுக்கும் வருகிறதா என்று அத்தையிடம் கேள். வந்தால், உன் மகள் குடித்து வளர்வது அந்த அருவித் தண்ணீரைத்தான். நான் அதை நினைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு தடவையும் பரிசலில் உட்காருவேன்.

கிள்ளான் மருமகள்:

டீச்சரம்மா, உங்கள் பதிலை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன், பிறகு அம்மாவுக்குப் போன் போட்டு வாசித்தேன். அம்மா வேறொன்றும் பேசவில்லை, "இன்னொரு தடவை படி" என்றார்.

நெல்லிக்கனி கதையை மூன்றாம் ஆண்டில் படித்தேன், ஆண்டு விழாவில் ஔவையார் வேஷம்கூடப் போட்டிருக்கிறேன். தகடூர் என்று வாயால் சொல்லியிருக்கிறேன், அது ஒரு மணி நேரத்தில் போகிற ஊர் என்று இன்றைக்குத்தான் தெரியும்.

பாரூர் அண்ணா, வரும் ஞாயிறு சந்தைக்குப் போகிறோம். ஆடி 18 அன்று ஒகேனக்கல் போகலாம் என்று வீட்டுக்காரர் சொல்கிறார், குழந்தையோடு போகலாமா?

ஓசூர் ரோஜாத்தோட்டம்:

ஆடி 18க்கு ஒகேனக்கல் வேண்டாம் தங்கச்சி. கர்நாடகாவில் மழை பிடித்து அணை நிரம்பினால் அந்த மாதம் தண்ணீர் பெருக்கெடுத்து வரும், பரிசலுக்கும் குளிக்கவும் தடை போட்டுவிடுவார்கள். தடை இல்லாவிட்டாலும் கூட்டத்தில் குழந்தையைக் கீழே இறக்க முடியாது. மழை ஓய்ந்த பிறகு, தண்ணீர் தெளிந்திருக்கிற ஒரு சாதாரணக் கிழமை நாளில் போங்கள். மீனை நீங்களே வாங்கிக் கொடுத்தால் அங்கே இருக்கும் அக்காமார்கள் குழம்பும் வறுவலும் செய்து தருவார்கள், பாறை மேல் உட்கார்ந்து சாப்பிடலாம். பேருக்கே கன்னடத்தில் புகையும் கல் என்றுதான் அர்த்தம், அருவி விழுகிற இடத்தில் நின்றால் புரியும். ஆடிப்பெருக்குக்குக் கிருஷ்ணகிரிக்காரர்கள் தென்பெண்ணைக்குப் போனால் போதும், அணை பக்கத்திலேயே இருக்கிறது.

டீச்சரம்மா சொன்னதோடு இரண்டு இடம் சேர்க்கிறேன். முதலாவது மல்லச்சந்திரம். ஓசூர் சாலையிலிருந்து உள்ளே போகணும். பாறை மேல் பெரிய பெரிய பலகைக் கல்லை நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடி, சின்ன வீடு மாதிரி கட்டின கற்திட்டைகள். முன்பக்கக் கல்லில் வட்டமாக ஒரு ஓட்டை இருக்கும். செத்தவர்களுக்காகக் கட்டியது, பெருங்கற்காலம். ஊரில் பாண்டவர் வீடு என்பார்கள். நிழல் கிடையாது, காலை பத்து மணிக்குள் பார்த்துவிட்டுக் கிளம்பணும், தண்ணீர் கையோடு கொண்டு போகணும். நான் முதல் தடவை போனபோது ஆடு மேய்க்கிற ஒரு அம்மா மட்டும்தான் இருந்தார். எந்தக் கல் இடி விழுந்து உடைந்தது, எதைப் புதையல் என்று தோண்டிக் கெடுத்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். பர்கூர் பக்கம் மயிலாடும்பாறை இருக்கிறது. அங்கே தோண்டி எடுத்த இரும்பின் காலம் பொ.ஆ.மு. (கி.மு.) 2172 வரை போகிறது என்று 2022இல் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். அதாவது நாலாயிரம் வருடத்துக்கு முன்னால் இங்கே இரும்பைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். இதை நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கே யாரும் சொல்வதில்லை, அது எனக்குப் பெரிய வருத்தம்.

இரண்டாவது ஓசூர் பக்கம் தொரப்பள்ளி, ராஜாஜி 1878இல் பிறந்த வீடு. நாட்டின் முதல் இந்திய கவர்னர் ஜெனரலாக இருந்தவர் பிறந்த வீடு எவ்வளவு சின்னது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். அரை மணி நேரம் போதும். அதோடு சந்திரசூடேஸ்வரர் மலைக்கோயிலையும் பார்த்துவிட்டு வரலாம், தேர்த் திருவிழா என்றால் ஓசூரே திரண்டு வரும்.

தளி, அஞ்செட்டி பக்கம் காடு பார்க்க ஆசைப்பட்டால் காரில் போங்கள், வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிடுங்கள். யானை நடமாட்டம் உள்ள சாலை, இறங்கிப் படம் எடுக்கிற வேலை வேண்டாம்.

ரயிலில் போக ஆசை என்றால் ஒரு வழி இருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டத் தலைநகராக இருந்தும் ஊரில் ரயில் நிலையம் இல்லை, பல வருடமாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். ஓசூரில் ஏறி ராயக்கோட்டை, பாலக்கோடு வழியாகத் தருமபுரியில் இறங்குங்கள். ராயக்கோட்டையைச் சுற்றித் தக்காளித் தோட்டமும் மலையும் மாறி மாறி வரும், குழந்தை சன்னலை விட்டு நகர மாட்டாள்.

முகாம் வீடு:

இவ்வளவு நாள் வாசிக்க மட்டும்தான் செய்தேன், இன்றைக்கு எழுத வேண்டும் போல இருக்கிறது அக்கா.

அம்மா அப்பா 1990இல் மன்னாரிலிருந்து படகில் வந்தார்கள். நான் இந்த மாவட்டத்தில் ஒரு இலங்கைத் தமிழர் முகாமில் பிறந்தவன். பெயின்ட் வேலை செய்கிறேன். வெளியூரில் தங்குவதென்றால் அனுமதி கேட்க வேண்டும் என்பதால் சின்ன வயதிலிருந்தே எங்களுக்கு எல்லாப் பயணமும் ஒரு நாள் பயணம்தான். காலையில் போய் பொழுது சாய வீடு வந்துவிடுவோம். நீங்கள் ஒரு நாள் பயணம் என்று எழுதினதைப் பார்த்ததும் அதுதான் மனதில் வந்தது.

வேலைக்குப் போய்த்தான் நான் இந்த ஊரைப் பார்த்தேன். பொங்கலுக்கு முன்னால் வீடுகளுக்கு வெள்ளை அடிக்கக் கூப்பிடுவார்கள், திருவிழாவுக்கு முன்னால் கோயில்களுக்கு. எந்த ஊரில் எப்போது திருவிழா என்று எனக்குத் தெரிந்தது அப்படித்தான். காவேரிப்பட்டணத்தில் மயானக் கொள்ளைக்கு முந்தின வாரம் வேலை செய்தேன், மாசி மாதம் சிவராத்திரி முடிந்து அடுத்த நாள் வரும். அங்காளம்மன் சாமியோடு காளி வேஷம் போட்டவர்கள் ஆடிக்கொண்டே மயானத்துக்குப் போவார்கள், ஜனங்கள் தானியம், காய்கறி, காசு எல்லாம் சூறை விடுவார்கள். வேலை முடித்துக் கிளம்பினவனை அந்த வீட்டு அம்மா விடவில்லை. திருவிழாவுக்கு வந்தவன் சாப்பிடாமல் போகக் கூடாது என்று களியும் கோழிக் குழம்பும் போட்டார். நான் திருவிழாவுக்கு வரவில்லை, வேலைக்கு வந்தேன் என்று சொன்னதற்கு, "இரண்டும் ஒன்றுதான், உட்கார்" என்றார். நிப்பட்டு ஒரு பொட்டலம் வீட்டுக்கும் கட்டிக் கொடுத்தார்.

வெளியாள் போனால் தப்பாக நினைப்பார்களா என்று கேட்டிருந்தீர்கள். எந்த ஊர் என்று கட்டாயம் கேட்பார்கள். மறைக்காமல் சொல்லிவிடுங்கள், அடுத்த கேள்வி எல்லாம் சாப்பாட்டைப் பற்றித்தான் இருக்கும். அம்மா இன்னும் "கதைக்கிறது" என்றுதான் சொல்வார், முப்பது வருடமாக இங்கே யாரும் அதைத் திருத்தவில்லை. நீங்களும் பசியாறச் சொல்லுங்கள் அக்கா.

கிள்ளான் மருமகள்:

கேட்டுவிட்டு நாலு மாதமாக எட்டிப் பார்க்கவில்லை, மன்னித்துவிடுங்கள். எழுதாததற்குக் காரணம், ஒவ்வொரு வாரமும் எங்கேயாவது போய்க்கொண்டிருந்தோம்.

போச்சம்பள்ளிக்கு மூன்று ஞாயிறு போனோம். முதல் தடவை அத்தை வரமாட்டேன் என்றுதான் சொன்னார், வெயில், கால் வலி என்று. வண்டி ஏறினபிறகுதான் சொன்னார், சின்ன வயதில் அவருடைய அப்பாவோடு மாடு விற்க நடந்தே இந்தச் சந்தைக்கு வந்தாராம், அதற்கப்புறம் வந்ததே இல்லையாம். சந்தைக்குள் நுழைந்ததும் கால் வலியைக் காணோம், என்னை இழுத்துக்கொண்டு போகிறார். மாட்டுச் சலங்கையை எடுத்து எடுத்து ஆட்டிப் பார்த்தார், மகளுக்கு அரைஞாண் கயிறு பேரம் பேசி வாங்கினார். அண்ணா சொன்ன துண்டுக்குள் விரல் வியாபாரம் பார்த்தோம். முகத்தில் ஒன்றும் காட்டாமல் இரண்டு பேரும் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், திடீரென்று ஆடு கை மாறிவிட்டது.

வைகாசியில் காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு கிராமத்தில் படுகளம் பார்த்தோம். கூந்தல் முடிகிற நேரத்தில் சுற்றி இருந்த பெண்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள், நானும் எழுந்தேன். பக்கத்தில் இருந்த ஒரு பாட்டி என் மகளைத் தன் மடியில் வாங்கிக்கொண்டு விசிறிக்கொண்டே இருந்தார். தம்பி சொன்னபடி எந்த ஊர் என்று கேட்டார், மலேசியா என்றேன். "பஸ்ஸு இருக்குதா திரும்பிப் போக?" என்று கேட்டார். கிருஷ்ணகிரிக்குத்தான் பாட்டி போகணும் என்றேன், "அப்போ பக்கம்தான், சாப்பிட்டுப் போ" என்றார். மாங்காய்க் காலம் என்பதால் வரும்போது பெங்களூரா நாலு காய் மடியில் கட்டிக் கொடுத்தார்கள்.

இப்போது வேடியப்பன். ஒரு சனிக்கிழமை காலையில் தருமபுரிக்குப் போனோம், டீச்சரம்மா பஸ் நிலையத்திலேயே வந்து நின்றார். அகழ்வைப்பகத்தில் வரிசையாக நடுகற்கள் பார்த்தோம். ஒவ்வொன்றிலும் வில்லோ வாளோ பிடித்து முன்னால் பாய்கிற மாதிரி ஒரு ஆள். அப்புறம் ஒரு கிராமத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார், நிலக்கடலைக் காட்டு ஓரம் ஒரு வேப்ப மரம், அடியில் மூன்று கல். நடுக் கல்லில் மட்டும் உருவம் தெரிகிறது, மஞ்சள் பூசிப் பூசி முகம் மழுங்கிவிட்டது. பக்கத்துக் கற்கள் இரண்டும் வெறும் கல். அங்கிருந்தே அம்மாவுக்கு வீடியோ போட்டேன். நடுக் கல்லைக் காட்டிக்கொண்டிருந்தேன், அம்மா, "பக்கத்தில இருக்கே அதைக் காட்டு" என்றார். வெறும் கல்லைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இங்க கோழி எப்ப அறுப்பாங்க" என்று கேட்டார். டீச்சரம்மா நிலத்துக்காரரைக் கேட்டுச் சொன்னார், இங்கே ஆடி மாதம். "அப்பாவும் ஆடியிலதான் அறுப்பாரு" என்றார் அம்மா. அதற்கு மேல் பேச முடியாமல் போனை அண்ணனிடம் கொடுத்துவிட்டார்.

தாத்தாவின் ஊர் எது என்று இன்னும் தெரியாது, தெரியாமலே போகலாம். ஆனால் அன்றைக்குத் திரும்பி வரும்போது பஸ் சன்னல் வழியாக மரத்தடியில் கல் தெரிகிற இடத்தையெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தேன், காரிமங்கலம் தாண்டுவதற்குள்ளேயே நாலு எண்ணினேன்.

ஆடிப்பெருக்குக்கு ஓசூர் அண்ணா சொன்னபடி அணைக்குத்தான் போனோம். எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச் சோறு கட்டிக்கொண்டு காலையிலேயே கிளம்பினோம். பல கிராமங்களிலிருந்து சாமியைத் தூக்கிக்கொண்டு வந்து ஆற்றில் குளிப்பாட்டினார்கள். அத்தை எனக்குப் புது மஞ்சள் கயிறு மாற்றிவிட்டார், பழையதை ஆற்றில் விட்டோம். முந்தின இரண்டு வருடமும் வீட்டுக் குழாயடியில்தான் மாற்றினார். ஆற்றுக்குப் போகலாம் என்று அவருக்கும் ஆசை இருந்ததாம், யார் கூட வருவார்கள் என்று கேட்காமல் இருந்துவிட்டாராம்.

மல்லச்சந்திரமும் ஒகேனக்கல்லும் மழை விட்ட பிறகுதான். கேட்டுப் பார்த்ததில் எங்கள் தெருவுக்கும் ஒகேனக்கல் தண்ணீர்தான் வருகிறது.

டீச்சரம்மா, அம்மா தைப்பூசத்துக்கு வருகிறார், டிக்கெட் போட்டாகிவிட்டது. பிறந்ததிலிருந்து பத்துமலையை விட்டு வேறெங்கும் தைப்பூசம் பார்க்காதவர், உங்கள் தேரை இழுக்க வேண்டும் என்கிறார். வடத்தில் கை வைக்க இடம் கிடைக்க எத்தனை மணிக்கு வர வேண்டும்? அவருக்கு வயது அறுபத்திரண்டு, நெரிசலில் நிற்க முடியுமா?

தகடூர் டீச்சர்:

எனக்கு அறுபத்தேழு கண்ணு, நான் நிற்கிறேன். முதல் நாள் சாயங்காலமே மூன்று பேரும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள், தங்கக் கூடாது என்கிற கணக்கெல்லாம் அன்றைக்கு வேண்டாம். அம்மாவைப் பருத்திப் புடவை கட்டிக்கொள்ளச் சொல், கால் வழுக்காமல் இருக்கும். உங்கள் அத்தை உறைப்பு அதிகம் சாப்பிடுவாரா என்று மட்டும் எழுது.